சார்ட்டில் அடங்காத லேபிள்கள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

குன்னூரில் பகலில் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கு, மாலையில் கணினி வகுப்பு என்று என் பொழுது போகிறது. எக்செல் சார்ட்டில் அச்சு (axis) லேபிள், அதாவது ஓரக் கோடுகளை ஒட்டி வரும் பெயர்கள், எண்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: அச்சின் எழுத்துகள் மேல் ஒரு கிளிக், பிறகு கண்ட்ரோலோடு 1. வலப்பக்கம் ஃபார்மட் ஆக்சிஸ் திறக்கும். கீழே நான் ‘பலகை’ என்று சொல்வது அதைத்தான்.

தலைகுந்தா, கேரட் விவசாயி: அக்கா, டிசம்பர், ஜனவரி இரவு வெப்பநிலையை எழுதி வைத்து காலம் (column) சார்ட், அதாவது நிமிர்ந்த பட்டை, போட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே போன நாட்களில் தேதியும் பட்டையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. தேதி தெரியவே இல்லை.

உறைபனி விழும் ஊர்க்காரருக்குத்தான் இந்தக் கஷ்டம், தம்பி. சமவெளியில் இருப்பவர்களுக்கு நஷ்டக் கணக்கு போடும்போதுதான் வரும். கிடை அச்சு பூஜ்யத்தில் நிற்கிறது, தேதிகள் அதன் காலடியில். மைனஸ் பட்டை கீழே இறங்கினால் தேதி மேல்தானே விழும்? பலகையில் லேபிள்ஸ் என்பதைத் திறந்து, லேபிள் பொசிஷனில் ‘நெக்ஸ்ட் டு ஆக்சிஸ்’ என்று இருப்பதை ‘லோ’ ஆக்குங்கள். கோடு பூஜ்யத்திலேயே இருக்கும், தேதிகள் மட்டும் சார்ட்டின் அடிக்குப் போய்விடும். எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ் வைத்திருந்தால் அதே வேலைக்கு ‘அவுட்சைட் ஸ்டார்ட்’.

அவரே: எழுத்தைச் சாய்த்து வைத்தால் போதாதா?

போதாது. சாய்ந்த எழுத்தும் பட்டை மேல்தான் விழும், படிப்பவர் கழுத்தும் சாயும். சாய்ப்பது எனக்குப் பிடிக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னும் சில இடங்களில் வரும்.

கேத்தி, ஆசிரியை: மலை ரயில் ஏறும் உயரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட லைன் சார்ட் போட்டேன் மேடம். நிலையங்கள் எல்லாம் சம தூரத்தில் நிற்கின்றன. கிலோமீட்டருக்கு ஏற்றபடி லேபிள்களை எப்படி நகர்த்துவது?

லேபிளை நகர்த்த முடியாது டீச்சர், சார்ட் வகையைத்தான் மாற்ற வேண்டும். லைன் சார்ட்டுக்குக் கிடை அச்சில் இருப்பதெல்லாம் வெறும் பெயர். மேட்டுப்பாளையத்துக்கும் கல்லாறுக்கும் இடையே உள்ள 7, 8 கிலோமீட்டரும், குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் இடையே உள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டரும் அதற்கு ஒரே அகலம். நீங்கள் காட்ட நினைப்பதே அங்கே கெட்டுப்போகிறது. கல்லாறு வரை கிட்டத்தட்ட சமதளம், அதற்கு மேல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் 1 அடி ஏற்றம். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

ஒரு பத்தியில் கிலோமீட்டர், அடுத்ததில் உயரம். இரண்டையும் தேர்ந்தெடுத்து, நேர்கோடு உள்ள ஸ்கேட்டர் சார்ட் போடுங்கள். இப்போது கிடை அச்சு 0, 10, 20 என்று அளவுகோலாக ஓடும். தடத்தின் நீளம் 46 கிலோமீட்டர். அச்சு 50 வரை போனால் போகட்டும். 46-இல் முடித்தால் கடைசி எண் 40-லேயே நின்று, மிச்சம் பெயரில்லாமல் தொங்கும்.

நிலையப் பெயர்கள் காணாமல் போயிருக்கும், பதற வேண்டாம். கோட்டின் மேல் வலது கிளிக் செய்து டேட்டா லேபிள் சேருங்கள். அந்த லேபிளின் பலகையில் ‘வேல்யூ ஃப்ரம் செல்ஸ்’ என்று ஒன்று இருக்கும், எக்செல் 2013 முதல் உண்டு. அதில் பெயர்ப் பத்தியைக் காட்டிவிட்டு, ‘ஒய் வேல்யூ’ டிக்கை எடுத்துவிடுங்கள். இடம் ‘அபோவ்’. குன்னூரும் வெலிங்டனும் முட்டிக்கொள்ளும். வெலிங்டனை ஒரு முறை கிளிக் செய்தால் எல்லாப் பெயரும் பிடிபடும், இன்னொரு முறை செய்தால் அது மட்டும். அதைக் கோட்டுக்குக் கீழே இழுத்து விடுங்கள்.

செங்குத்து அச்சுக்கு ‘உயரம், மீட்டரில்’ என்று தலைப்பு வைப்பீர்கள். எக்செல் அதைப் பக்கவாட்டில் திருப்பிக் கீழிருந்து மேலாக ஓடவைத்துவிடும். டெக்ஸ்ட் டைரக்‌ஷனில் ‘ஹாரிசான்டல்’ கொடுத்து அச்சின் உச்சிக்கு இழுத்துவிட்டால், 330 மீட்டர் அளவில் தொடங்கி 2,200 அளவில் முடிகிற கோட்டைப் பின்பெஞ்சுப் பிள்ளையும் படிக்கும்.

கோத்தகிரி, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் அனுப்புபவர்: கேரட் விலையைத் தேதிவாரியாகப் போட்டால், மண்டி லீவு நாட்களில் ஓட்டை விழுகிறது. என் பார்ட்னர் ஃபைலில் ஓட்டை இல்லை, ஆனால் தேதிகள் முன்னே பின்னே நிற்கின்றன. ஒரே விலை, ஒரே சார்ட்!

ஒரே சார்ட் இல்லை அண்ணா. உங்கள் ஃபைலில் இருப்பது தேதி, அவர் ஃபைலில் இருப்பது தேதி மாதிரி தெரிகிற எழுத்து. அவர் 05.03.2025 என்று புள்ளி வைத்து அடித்திருப்பார், நம் ஊர் பழக்கம் அது. நம் கணினிகளின் வழக்கமான அமைப்பில் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது. அடித்த வரிசையிலேயே வைத்துவிடும். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் எழுத்து, வலப்பக்கம் நின்றால் தேதி. அவர் பத்தியைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ போய், மூன்றாம் படியில் ‘டேட்’, ‘டிஎம்ஒய்’ (நாள், மாதம், வருடம் என்ற வரிசை) கொடுத்தால் சரியாகிவிடும்.

உங்கள் ஓட்டைக்குப் பலகையில் ஆக்சிஸ் டைப்பை ‘டெக்ஸ்ட் ஆக்சிஸ்’ ஆக்கினால் போதும், லீவு நாட்கள் மறையும். பட்டை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கோடு என்றால் நான் செய்யமாட்டேன். நாலு நாள் மண்டி மூடிய பிறகு விலை குதித்தால், அந்த நாலு நாள் சார்ட்டில் இருந்தால்தான் குதித்ததன் காரணம் புரியும்.

உதகை, அலுவலக உதவியாளர்: ஆறு தாலுகாவுக்கும் படுக்கைப் பட்டை போட்டேன். பட்டியலில் உதகமண்டலம் முதலில், சார்ட்டில் கடைசியில். பெயர்களை இடப்பக்கம் ஒட்டி வைக்கவும் பட்டன் கிடைக்கவில்லை.

முதலாவதுக்கு, பெயர் அச்சின் பலகையில் ‘கேட்டகரிஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்’ டிக். உடனே எண்கள் மேலே தாவும். அங்கேயே ‘அட் மேக்ஸிமம் கேட்டகரி’ கொடுத்தால் கீழே வந்துவிடும். இரண்டாவதுக்கு நேரான பட்டன் இல்லை. தேடவும் வேண்டாம். பந்தலூர் என்ற சின்னப் பெயரை இடப்பக்கம் தள்ளினால் அதற்கும் அதன் பட்டைக்கும் நடுவில் வெறும் வெள்ளைதான் கிடக்கும்.

அவரே: பழைய ஃபைலில் லேபிள் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாக வருகிறதே சார்ட்டில்?

பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பார்கள். செல்லில் அந்த எழுத்துரு இருக்கிறது, சார்ட் தன் சொந்த எழுத்துருவைப் போட்டுக்கொண்டது. அச்சைத் தேர்ந்தெடுத்து ஹோமில் அதே எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் தெரியும். அது இல்லாத கணினியில் திறந்தால் திரும்பவும் அதே கதை. யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

குன்னூர், தேயிலை ஏல விலை பார்ப்பவர்: வாராந்திர ஏலம், 52 விற்பனை எண்கள். அச்சில் எல்லாம் செங்குத்தாக நின்று கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது.

52-ஐயும் யார் படிக்கப் போகிறார்கள் சார்? பலகையில் லேபிள்ஸுக்குள் ‘ஸ்பெசிஃபை இன்டர்வெல் யூனிட்’டில் 4 போடுங்கள். எழுத்து இன்னும் சாய்ந்திருந்தால் அலைன்மென்டில் கஸ்டம் ஆங்கிள் 0. கோடு அச்சை ஒட்டித் தொடங்காமல் அரை இடம் தள்ளித் தொடங்குவதும் உங்கள் படத்தில் தெரிகிறது. ஆக்சிஸ் பொசிஷனை ‘ஆன் டிக் மார்க்ஸ்’ ஆக்கினால் புள்ளியும் எண்ணும் குறியும் ஒரே நேரில் வரும்.

கூடலூர், தங்கும் விடுதி நடத்துபவர்: வருமானம் 1,200,000 என்று வருகிறது. லட்சத்தில் வேண்டும்.

‘டிஸ்ப்ளே யூனிட்ஸ்’ பட்டியலில் லட்சம் என்ற பெயர் இருக்காது, ஆனால் 100000 இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அச்சில் 12 என்று வரும். பக்கத்தில் எக்செல் தானாக ஒரு குறிப்பு வைக்கும். அதற்குள் கிளிக் செய்து அழித்துவிட்டு ‘லட்சம் ரூபாயில்’ என்று அடித்துக்கொள்ளலாம். முழு எண்ணே வேண்டும், கமா மட்டும் நம் முறையில் விழ வேண்டும் என்றால், நம்பர் பகுதியில் ஃபார்மட் கோடாக இதைப் போட்டு ‘ஆட்’ அழுத்துங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

12,00,000 என்று வரும். நஷ்ட மாதம் இருந்தால் முதல் வழியே மேல். மைனஸ் எண் லட்சத்தைத் தாண்டினால் இந்தக் கோடு பழைய கமாவுக்கே போய்விடும்.