கதவைத் திறக்கும் கை

கேள்வி: அண்ணா நகரிலிருந்து கிண்டிக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். சைக்கிளில் வருகிறவர்கள் எந்த விதியையும் மதிப்பதில்லை. எதிர்த்திசையில் வருகிறார்கள், ஓரமாகப் போவதில்லை, இரவில் விளக்கு கிடையாது. மெயின் ரோட்டில் சைக்கிளைத் தடை செய்தால் என்ன? ஹெல்மெட்டையாவது கட்டாயமாக்கலாமே?
(வாசகர், சென்னை)

பதில்: உங்கள் புகாரில் இரண்டு நியாயமானவை. முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எதிர்த்திசையில் சைக்கிள் விடுவது தவறுதான். "வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும்ல" என்பார்கள். நடந்து போகிறவருக்கு அது சரி, சைக்கிளுக்குச் சரியில்லை. நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள், அவர் உங்களுக்கு முன்னால் 15-இல் போகிறார் என்றால் இடைவெளி 25 வேகத்தில் குறைகிறது. அவரே எதிரே வந்தால் 55. பிரேக் பிடிக்கக் கிடைக்கும் நேரம் பாதிகூட இல்லை. சந்திலிருந்து இடப்பக்கம் திரும்புகிறவரும் வலப்பக்கம் பார்த்துத்தான் திரும்புவார்.

விளக்கும் அப்படியே. அந்தக் காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பயத்திலேயே எல்லோரும் டைனமோ மாட்டினார்கள். இப்போது பயமும் போய்விட்டது, டைனமோவும் போய்விட்டது. பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும் கேரியரில் சின்ன பேட்டரி விளக்கும் இருந்தால் போதும். இதைப் படிக்கும் சைக்கிள்காரர்கள் இன்றைக்கே மாட்டிவிடுங்கள், தயவுசெய்து.

ஆனால் எதிர்த்திசையில் வருகிறவர் ஏன் அப்படி வருகிறார் என்பதையும் பாருங்கள். நடுவில் தடுப்புச்சுவர். யூ-டர்ன் எடுக்க வெகுதூரம் போய்த் திரும்ப வேண்டும். உங்களுக்கு அது ஓரிரு நிமிடம். இரவு ஷிப்ட் முடித்து வரும் காவலாளிக்கு அது வெயிலில் மிதிக்கும் மிதி.

அப்புறம், ஓரம். இங்கே உங்களோடு உடன்பட மாட்டேன். நம் சாலையின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று காரிலிருந்து தெரியாது. மணல், உடைந்த மழைநீர் வடிகால் மூடி, சாலையின் போக்கிலேயே கம்பி வைத்த ஜல்லடை. அதில் முன்சக்கரம் இறங்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். இவையெல்லாம் போக வரிசையாக நிறுத்திய கார்கள். அந்தக் கார்களை ஒட்டிப் போகாதீர்கள், ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். உங்களுக்கு அது நடுரோடாகத் தெரிகிறது.

சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ராயப்பேட்டையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். நின்றிருந்த காரின் வலப்பக்கக் கதவு சட்டென்று திறந்தது. அதில் மோதிச் சாலையில் விழுந்தேன். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் பிரேக் போட்டதால் இன்று இதை எழுதுகிறேன். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கை தொட்டிலில். அன்று ஹெல்மெட் போட்டிருந்தேன். காரிலிருந்து இறங்கியவர் முதலில் கேட்டது, "பாத்து வரக்கூடாதா சார்?"

ஹெல்மெட் போடுவது நல்லது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். ஆனால் சட்டம் போடச் சொல்லாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான். அதைச் சைக்கிளுக்கும் நீட்டினால் அபராதம் கட்டப்போவது டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர். உலகத்தில் சைக்கிள் அதிகம் ஓடும் நெதர்லாந்தில் சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டமே இல்லை. 1970-களில் பிள்ளைகள் சாலையில் சாகிறார்களே என்று அங்கே பெற்றோர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். மாற்றியது சாலைகளை.

தடையா? கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தார்கள். பால்காரரும் பேப்பர் போடுகிறவரும்தான் பிடிபட்டு அபராதம் கட்டினார்கள். நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, மெயின் ரோட்டில் வராதே என்று சொல்ல முடியுமா?

பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதி நூலைத் திருத்தியபோது, அதிகச் சேதம் விளைவிக்கக்கூடிய வண்டிக்கே அதிகப் பொறுப்பு என்று எழுதிவைத்தார்கள். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது. சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விடுங்கள். இடமில்லையென்றால் பின்னாலேயே வாருங்கள். தாண்டிய கையோடு இடப்பக்கம் ஒடிக்காதீர்கள், காரின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டி வரும். முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்காதீர்கள், அவர் திடுக்கிட்டு ஒடிப்பது உங்கள் பக்கமாகவும் இருக்கலாம்.

அதே நூலில் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. கதவை, அதற்குப் பக்கத்துக் கையால் திறக்காமல் மறு கையால் திறக்க வேண்டும். நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், இடது கையை நீட்டித் திறந்து பாருங்கள். தோள் தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். பின்சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். சிக்னலில் இடப்பக்கம் இறங்கும்போது வலது கை. அந்த இடுக்கிலும் சைக்கிள் வரும்.