கேள்வி பதில்: பிரபல தளங்களைப் பார்த்து டிசைன் பழகலாமா?

கே: பிரபலமான இணையதளங்களின் முகப்பை ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் அப்படியே வரைந்து பழகுகிறேன். சொந்தமாக ஒன்றைத் தொடங்கினால் கை ஓடவில்லை. ஏன்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ப: முகப்பை மட்டுமே வரைவதால்தான். முகப்புக்கு வருகிறவருக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. அவர் திணறுவதெல்லாம் படிவத்தில்தான். பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளத்தைப் பாருங்கள். பார்க்கச் சப்பென்றிருக்கும், பாடம் அங்கேதான். அதன் டிசைன் சிஸ்டம், அதாவது பட்டன், பெட்டி போன்ற பாகங்களின் தொகுப்பு, எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எந்தப் பாகத்தை எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்று காரணத்தோடு எழுதியிருப்பார்கள்.

பிறந்த தேதிக்கு அங்கே காலண்டர் இல்லை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டிகள். பிறந்த தேதி அவரவருக்கு மனப்பாடம், தட்டிவிட்டுப் போய்விடலாம். 1958-இல் பிறந்தவரிடம் மாதம் மாதமாகப் பின்னால் நகரும் காலண்டரைக் கொடுத்தால், அம்புக்குறியை எண்ணூறு தடவைக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கும்!

பெட்டியைக் காலியாக விட்டால் என்ன ஆகும்? பக்கத்தின் உச்சியில் சிவப்புக் கரை போட்ட கட்டத்தில் பிழைகள் வரிசையாக வரும். ஒன்றைத் தட்டினால் நேரே அந்தப் பெட்டிக்குப் போகலாம். அங்கும் அதே வாசகம்தான். பிரவுசர் தலைப்பின் தொடக்கத்திலும் ‘பிழை’ என்று சேர்ப்பார்கள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் முதலில் வாசிப்பது அந்தத் தலைப்பைத்தான்.

ஆகவே ஒரே ஒரு வேலையை எடுத்து நான்கு நிலைகளில் வரையுங்கள்: காலியாக, காத்திருக்கையில், பிழையோடு, முடிந்தபின். மறுநாள் தளத்தைப் பார்க்காமல் மறுபடி வரைந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போன ஒவ்வொன்றும் அங்கே ஏன் இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். (நிஜ விண்ணப்பத்தில் பொய்த் தகவல் போட்டுச் சோதிக்க வேண்டாம்; மாதிரிகளே போதும்.)

கே: ஸ்கிரீன்ஷாட்டை வைத்து வரைந்தால் எழுத்தெல்லாம் பூதாகரமாக வருகிறதே?
– வாசகர், ஈரோடு

ப: டிசைனில் ஒரு பிக்சல் என்பதன் அகலத்துக்குள் போன் திரையில் இரண்டு, மூன்று புள்ளிகள் இருக்கும். மூன்று என்றால், 16 பிக்சல் எழுத்து படத்தில் 48 ஆகிவிடும். படத்தை அளக்காதீர்கள். கணினியில் குரோமில் எஃப்12 அழுத்தி, எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ‘கம்ப்யூட்டட்’ பகுதியில் உண்மையான அளவைப் பாருங்கள். ‘ஸ்டைல்ஸ்’ பகுதியில் எழுத்தின் நிறக் கட்டத்தைத் தட்டினால் பின்னணியோடு உள்ள வேறுபாட்டு (கான்ட்ராஸ்ட்) விகிதமும் தெரியும். சாதாரண எழுத்துக்கு 4.5:1-க்குக் குறையக் கூடாது.

தமிழுக்கு அந்த அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் (எழுத்தளவைப் போல 1.2 மடங்கு) ‘கி’யின் கொக்கியும் ‘கு’வின் வாலும் மேல்வரி, கீழ்வரியோடு முட்டலாம், 1.6 மடங்கு வைத்துப் பாருங்கள். பட்டனின் அகலத்தையும் பூட்டாதீர்கள். ‘சப்மிட்’ அடங்கிய இடத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது.

கே: அனுப்பிய கடிதத்தை ரத்துசெய்யும் ஜிமெயிலின் ‘அன்டூ’ பட்டன் போல எங்கள் ஆர்டர் பக்கத்திலும் வைக்கலாமா?
– வாசகர், கோவை

ப: ஜிமெயில் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பிடுங்குவதில்லை. நீங்கள் தேர்ந்தபடி 5 முதல் 30 விநாடி வரை அனுப்பாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஆர்டரையும் அப்படி நிறுத்திவைக்க முடிந்தால் வையுங்கள். வங்கியில் பணம் உடனே கழிந்துவிடும் என்றால் அந்தப் பட்டன் பொய்யாகிவிடும். பணம் கட்டுமுன் பொருள், முகவரி, தொகை மூன்றையும் ஒரே பக்கத்தில் காட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘மாற்று’ என்று இணைப்புக் கொடுங்கள்.