சூலூர்பேட்டையில் செலவாகும் சென்னைச் சம்பளம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் ஆந்திராவில் இருக்கிற சூலூர்பேட்டைக்காரன். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போக 28,000 ரூபாய் கைக்கு வருகிறது. விடிவதற்கு முன்னால் லோக்கல் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறிக் கிண்டி. வீடு திரும்ப ராத்திரி பத்தாகிவிடுகிறது. மூன்று வயது மகள் விழித்திருக்கும்போது அவளைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

கிண்டிக்குப் பக்கத்தில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெட்ரூம் வீடு பார்த்திருக்கிறேன். வாடகை 13,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். மனைவியின் நகையை அடகு வைத்தால் அட்வான்ஸ் தேறிவிடும். அவள் இங்கே வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். குழந்தையை அம்மா பார்த்துக்கொள்கிறார். இந்தச் சம்பளத்தில் சென்னையில் எத்தனை பேர் குடும்பம் நடத்துகிறார்கள், நீயும் வந்துவிடு என்கிறார்கள் ஆபீஸில். முடியுமா அக்கா? நீங்களும் எல்லைப் பக்கத்து ஆரம்பாக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

சூலூர்பேட்டை வாசகர்

---

அன்புள்ள தம்பிக்கு,

முடியும். உங்களைவிடக் குறைந்த சம்பளத்தில் சென்னையில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் ஏராளம். ஆனால் அவர்களில் பலருக்கு ஊரில் விட்டுவிட்டு வர ஒன்றுமே இருக்கவில்லை. நிலம் இல்லை, வீடு இல்லை, அதனால் வந்தார்கள். உங்களுக்கு இருக்கிறது. அது என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் நகையில் கை வைக்காதீர்கள்.

உங்கள் கணக்கில் வாடகை 13,000. நான் போட்டால் 14,000 வருகிறது. ஒரு லட்சத்துக்கு நகையை வைத்தால், வருஷத்துக்கு 12 சதவீதம் என்றாலும் மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி போகும். வீட்டுக்காரரிடம் கிடக்கும் அந்த ஒரு லட்சத்துக்கு உங்களுக்கு ஒரு பைசா வட்டி வராது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. புரோக்கருக்கு ஒரு மாதம் கொடுக்க வேண்டும். அட்வான்ஸுக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் அந்த வரம்பு. அதனால் ஒப்பந்தத்திலேயே கூடுதலாக எழுதிக்கொள்கிறார்கள். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர் அதில் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

கரண்ட் விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் அந்தப் பலன் இணைப்புக்குத்தான். உங்கள் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் இல்லாமல் சப் மீட்டர் மட்டும் இருந்தால், வீட்டுக்காரர் சொல்லும் ரேட்டை முதல் யூனிட்டிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கும். என் உறவுக்காரர் ஒருவர் தண்டையார்பேட்டையில் இருந்தபோது கோடைக்காலத்தில் கரண்டுக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

சரி, இதெல்லாம் ரூபாயில் தெரிகிற செலவு. தெரியாத செலவு எங்கே இருக்கிறது என்றால், உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன இடத்தில். மனைவி தைக்கிறார், அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டும் பணம்தான் தம்பி. பிளவுஸ் தைப்பவருக்கு ஊர் மாறினால் தொழிலும் கையோடு வந்துவிடாது. எந்த அக்காவுக்குக் கழுத்து எவ்வளவு இறக்க வேண்டும், யாருடைய கல்யாணம் எந்த மாதம் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் அவருடைய முதல். அது சூலூர்பேட்டையிலேயே தங்கிவிடும். ஆதம்பாக்கத்தில் தெருவுக்கு நாலு டெய்லர் ஏற்கெனவே இருப்பார்கள். மாதம் நாலாயிரம் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அப்படியே நிற்கும். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாததால் அவர் வேறு வேலைக்கும் போக முடியாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். சூலூர்பேட்டையில் உங்கள் வீட்டு வருமானம் 32,000. வாடகை கிடையாது, போக்குவரத்துக்கு சீசன் டிக்கெட், சில நூறு ரூபாய். ஆதம்பாக்கத்தில் 28,000 வந்து, அதில் 14,000 முதல் தேதியே போய்விடும். கையில் நிற்பது மீதி 14,000, சூலூர்பேட்டை வருமானத்தில் சரிபாதிக்கும் குறைவு. பால், அரிசி, கேன் தண்ணீர், காய்ச்சலுக்கு டாக்டர் எல்லாம் அந்தப் பதினாலாயிரத்துக்குள் அடங்க வேண்டும். அவசரத்துக்குக் கைமாற்று கேட்க அங்கே யாரையும் தெரியாது. உங்கள் சென்னைச் சம்பளம் சூலூர்பேட்டையில் செலவாவதால்தான் அது 28,000 ஆக இருக்கிறது.

அப்படியென்றால் இப்படியே போய்வந்து கொண்டிருக்கச் சொல்கிறேனா? இல்லை. மகள் விழித்திருக்கும்போது வீட்டில் இல்லாத அப்பாவாக இன்னும் பல வருஷம் நீங்கள் இருக்கக் கூடாது. சென்ட்ரலிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது ஒரு பக்கம். உட்கார இடம் கிடைத்தாலும் உடம்பு தாங்காது. முப்பது வயதில் தெரியாது, நாற்பதில் முதுகு சொல்லும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலையை. தடாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் 2008 முதல் இயங்குகிறது. இசுசு வண்டியும் கேட்பரி சாக்லேட்டும் அங்கிருந்துதான் போகின்றன. (ஸ்ரீசிட்டி இருக்கும் சத்தியவேடு பக்கமே 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில், பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்ததுதான். திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தபோது அது ஆந்திராவுக்குப் போனது. வேலைக்கு அங்கே போகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.) கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் உங்கள் ரயில் பாதையில்தான். தொழிற்சாலை என்றாலே மெஷின் வேலை என்று நினைத்துக் கணக்கு படித்தவர்கள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஸ்டோர்ஸ், ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல் எல்லாம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. 22,000 கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். மனைவியின் நாலாயிரத்தோடு 26,000, வாடகை இல்லை, ஏழு மணிக்கு வீட்டில். ஆதம்பாக்கத்தில் மிஞ்சுவதைவிடப் பன்னிரண்டாயிரம் அதிகம்.

அது கிடைக்கும்வரை, அல்லது கிண்டி வேலையை விட முடியாது என்றால், வீட்டைக் கிண்டிக்குக் கொண்டுபோகாமல் பாதி வழிக்குக் கொண்டுவாருங்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே லோக்கல் ரயில் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்? கும்மிடிப்பூண்டியிலிருந்து தெற்கே அந்தக் கவலை பாதியாகிவிடும். சென்ட்ரலுக்கு 48 கிலோமீட்டர்தான். பொன்னேரி இன்னும் கிட்டே. அங்கிருந்து வருகிறவர் சென்ட்ரல் வரை போகக்கூட வேண்டாம். விம்கோ நகரில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ, 2021 பிப்ரவரியில் நீட்டித்தது. விமான நிலையம் போகிற அதே வண்டி மாறாமல் கிண்டியில் இறக்கிவிடும். செலவு கூடும். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய், தினமும் போக வர 100, மாதம் 25 நாளுக்கு 2,500. கார்டில் கிடைக்கும் 20 சதவீதத் தள்ளுபடி போனால் 2,000. அது அதிகமாகத் தெரிந்தால் இப்போது போகிற மாதிரியே பார்க் ஸ்டேஷன் வழி, களைப்பாக இருக்கும் நாளில் மட்டும் மெட்ரோ. பொன்னேரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்வருவது ஒரு விஷயமே இல்லை. மனைவியும் பழைய வாடிக்கையாளர்களின் துணியை வாரம் ஒருமுறை வாங்கி வந்து தைத்துக் கொடுக்கலாம்.

எல்லையைத் தாண்டுவதில் நம் ஊர்ப்பக்கத்துக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. ஆபீஸ் நண்பர்களுக்கு அது தெரிந்திருக்காது. ஆந்திராவில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்குத் தானாகச் செல்லாது. ஆந்திராவில் கல்லூரிச் சேர்க்கைக்கு உள்ளூர்க்காரர் என்று காட்ட, தகுதித் தேர்வு (பிளஸ் டூ போன்றது) வரை தொடர்ந்து நான்கு வருஷமாவது அங்கே படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் அங்கும் இங்கும் மாற்றினால் பிள்ளை இரண்டு பக்கமும் வெளியூர்க்காரி ஆகிவிடுவாள். உங்கள் மகளுக்கு மூன்று வயது, யோசிக்க நேரம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்குமுன் எந்த மாநிலம் என்று முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையாக வளர வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள் இரண்டு பேரும்தான்.

ரேஷனைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். உங்கள் ஆந்திர கார்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் இங்கேயும் தானியம் வாங்கலாம்.

கடிதத்தில் உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நகை அவருடையது, நிற்கப்போகும் தொழில் அவருடையது, நாள் முழுக்கத் தெரியாத ஊரில் குழந்தையோடு தனியாக இருக்கப்போவதும் அவர்தான். இந்தப் பதிலை அவரிடம் காட்டிக் கேளுங்கள். ஒருவேளை அவருக்கே சென்னைக்குப் போக ஆசையாக இருக்கலாம். கூட்டுக் குடும்பத்தைவிட்டுத் தனியாக மூச்சுவிட வேண்டும் என்று நினைக்கிற பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள், அதில் தப்பே இல்லை. அப்படி அவர் சொன்னால் அதற்கும் ஒரு மதிப்புப் போட்டு, மேலே சொன்ன கூட்டலை இருவரும் சேர்ந்து திரும்பப் போடுங்கள்.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வீடு பார்க்கப் போனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் போங்கள். ஆரணி ஆறு பெருகினால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிப் பல வருஷமாயிற்று. போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா