கார் வைத்திருப்பவருக்கு எதற்கு ரேஷன் அரிசி? நலத்திட்டங்கள் பற்றிய கேள்வி பதில்

கூட்டுறவுத் துறையில் ரேஷன் கடைகளைக் கவனிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஊரில் கார்டு, பென்ஷன், உதவித்தொகை என்று யார் வந்தாலும் மனு எழுதிக் கொடுக்கிறேன். அரசு நலத்திட்டங்கள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். சிலர் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: மேடம், எங்கள் தெருவில் மாடி வீடும் காரும் வைத்திருப்பவர் ரேஷன் அரிசி வாங்கி மாட்டுக்குப் போடுகிறார். ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தது. பெரும்பாலான மாநிலங்கள் அப்படியே செய்தன. தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2008 செப்டம்பரில் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனபோதும், 2011 ஜூனில் இலவசமானபோதும், அரிசி கார்டு உள்ள எல்லோருக்கும்தான் அது கிடைத்தது.

ஏழைகளுக்கு மட்டும் என்றால் யார் ஏழை என்று ஒருவர் பட்டியல் எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் யார் பெயர் முதலில் ஏறும்? ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர் பெயர்தான். கணக்கெடுக்க ஆள் வந்த வாரத்தில் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த குடும்பம் விடுபட்டுப் போகும். போன வருஷம் சமாளித்துக்கொண்டிருந்த வீட்டில் இந்த வருஷம் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால், பட்டியலில் அவர்கள் இன்னும் ‘வசதியானவர்கள்’தான். 2017-ல் ஜார்க்கண்ட் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பட்டினியால் இறந்தாள் என்று தாய் சொன்னார், மலேரியா என்று அரசு சொன்னது. ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்த வீட்டின் ரேஷன் கார்டு அதற்கு முன்பே ரத்தாகியிருந்தது. தகுதியில்லாத ஒருவர் 20 கிலோ அரிசி வாங்குவது இழப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தகுதியுள்ள வீட்டுக்கு அரிசி நின்றுபோவது அதே அளவு தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றைக் கடையில் நின்று பார்த்தால்தான் புரியும். “பாமாயில் இல்லை, அடுத்த வாரம் வாங்க” என்று விற்பனையாளர் சொன்னால், சித்தாள் வேலைக்குப் போகிற பெண் பேசாமல் திரும்பிவிடுவார். மறுபடி வர ஒரு நாள் கூலியை விட வேண்டும். அதே வரிசையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நின்றால் “இருப்பு எவ்வளவு, பதிவேட்டைக் காட்டு” என்பார். அப்புறம் பாமாயில் வரும், அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து வரும். ஏழைகள் மட்டும் நிற்கும் வரிசையில் அப்படிக் கேட்க ஆள் இருக்காது. பணியில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது இது.

மாட்டுக்குப் போடுவதும், மாநில எல்லை தாண்டிக் கடத்துவதும் குற்றம்தான். பிடிக்க வேண்டியது கடத்துகிறவரை. வசதியானவர்கள் விலகிக்கொள்ள வழியும் இருக்கிறது. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று ஒரு கார்டு உண்டு. எந்தப் பொருளும் வேண்டாம் என்று ஒரு கார்டும் உண்டு. நிறையப் பேர் அப்படி மாற்றியிருக்கிறார்கள். உங்கள் தெருக்காரரிடமும் சொல்லிப் பாருங்கள்.

திருவள்ளூரிலிருந்து ஒரு சகோதரி: அக்கா, என் வீட்டுக்காரர் கடன் வாங்கிப் பழைய கார் ஒன்று எடுத்து டாக்சி ஓட்டுகிறார். கார் இருக்கிறது என்று மகளிர் உரிமைத் தொகை மனுவைத் தள்ளிவிட்டார்கள். தவணை கட்டவே மூச்சு முட்டுகிறது. நாங்கள் பணக்காரர்களா?

இல்லம்மா. மேலே நான் சொன்ன பட்டியல் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு உங்கள் வீடே சாட்சி.

2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம் அது. மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். வருமான வரி கட்டுகிறவர், அரசு ஊழியர், சொந்தப் பயன்பாட்டுக்கு நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவர் வீடுகளுக்குக் கிடையாது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கையில் நேரடியாகப் பணம் போனது மிகப் பெரிய விஷயம், நான் மனதார வரவேற்றேன். ஆனால் வண்டி எண்ணைத் தட்டினால் கார் இருக்கிறது என்று மட்டும்தான் கணினி சொல்லும். அது சவாரிக்கு ஓடுகிறதா, கடனில் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது.

விதியில் இருப்பது சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டி. பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டியைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே மேல்முறையீடு செய்யுங்கள். கோட்டாட்சியருக்கு, இ-சேவை மையம் வழியாக. நிராகரிப்புச் செய்தி வந்து 30 நாளுக்குள் என்பது விதி. டாக்சி பெர்மிட் நகல், கடன் தவணை அட்டை, வருமானச் சான்று மூன்றையும் சேர்த்து வையுங்கள். “காரே எங்கள் தொழில்” என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள், கடைசிப் பக்கம் வரை யாரும் படிக்க மாட்டார்கள். நாள் கடந்திருந்தாலும் முகாம் நடக்கும்போது புது மனுவாகக் கொடுத்துப் பாருங்கள்.

விதிகள் மாறவே மாறாது என்று நினைக்க வேண்டாம். முதியோர் பென்ஷன் வாங்கும் ஒருவர் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கே தொகை கிடையாது என்றுதான் முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு வந்ததும் 2023 ஆகஸ்டிலேயே தளர்த்தினார்கள். கேட்டால்தான் மாறும்.

திருவாரூரிலிருந்து ஒரு விவசாயி: அம்மா, நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. இலவச அரிசியும் நூறு நாள் வேலையும் சேர்ந்து எல்லோரையும் சோம்பேறி ஆக்கிவிட்டன. நாங்கள் எப்படி விவசாயம் பண்ணுவது?

ஐயா, உங்கள் கஷ்டம் பொய் இல்லை. காரணத்தைத்தான் வேறு இடத்தில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நூறு நாள் வேலை பற்றிய 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் என்றது. அதுவும் பலருக்கு முழுசாகக் கிடைத்ததில்லை, கூலியும் வாரக்கணக்கில் நிலுவையில் நின்றது. வருஷத்தின் மிச்ச நாளுக்கு அவர்கள் வேலை தேடித்தான் ஆக வேண்டும். உங்கள் ஊர் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள், பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். உழைக்கத் தயங்கி வயலை விட்டவர்கள் இல்லை இவர்கள்.

ஒன்று மட்டும் உண்மை. வீட்டில் அரிசி இருக்கிறவர் “இந்தக் கூலிக்கு வரமாட்டேன்” என்று சொல்ல முடியும். அரிசி இல்லாதவர் சொல்ல முடியாது. அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விவசாயக் கூலிகள் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதில் நிலக்காரர்களோடு மூண்ட தகராறு. குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கூலிக்காரர்களின் பேரப் பிள்ளைகள் இன்று நிமிர்ந்து நின்று கூலி பேசுகிறார்கள் என்றால், அதில் ரேஷன் அரிசிக்கும் பங்கு உண்டு. சோம்பேறித்தனம் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கூலி ஏறியது உங்களுக்கு ஏன் கட்டுப்படியாகவில்லை? நெல்லுக்கு விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைந்து கிடக்கிறது. நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் அது. அந்தச் சண்டைக்கு உங்கள் வயலில் நடவு நட்டவர்களும் கூட வருவார்கள்.

சென்னையிலிருந்து, ஐடி வேலையில் இருப்பவர்: மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். என் வரிப்பணத்தில் ஏன் இலவசம்? வரி கட்டாதவர்கள் நாட்டுக்கு என்ன தருகிறார்கள்?

வரி கட்டாதவர் என்று இந்த நாட்டில் யாரும் இல்லை தம்பி. உங்கள் அலுவலகத்தில் தரை துடைக்கும் அம்மா போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் செய்தாலும் அதே 18. அவர் மகன் வண்டிக்கு பெட்ரோல் போட்டால் லிட்டருக்கு உங்களுக்கு எவ்வளவு வரியோ அவருக்கும் அவ்வளவுதான். சம்பளத்தில் என்ன பங்கு போகிறது என்று பார்த்தால் அவருக்குத்தான் அதிகம் வலிக்கும்.

அரசு உங்களுக்கும் கொடுக்கிறது. வீட்டுக் கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ள விடுகிறார்கள். அதற்கு வரிசை இல்லை, கைரேகை இல்லை, அதை யாரும் இலவசம் என்று சொல்வதும் இல்லை. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கு வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். அன்று யாரும் “என் வரிப்பணம்” என்று கொதித்ததாக எனக்கு நினைவில்லை.

2022-23 கணக்கை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஓர் ஆய்வு செய்தார்கள். இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும், சொத்தில் 40.1 சதவீதமும் மேலே உள்ள ஒரு சதவீதம் பேரிடம் இருந்தன. நீங்களும் அந்த அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். உங்கள் கோபம் நியாயம், அதைக் கீழே பார்த்துக் காட்டுவதுதான் எனக்கு வருத்தம்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: அப்படியானால் அரசு எதைக் கொடுத்தாலும் சரி என்பீர்களா?

இல்லை. 2016 மே முதல் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். ஏசி நாலு ஓடும் பங்களாவுக்கும் அதே 100 யூனிட். அரிசிக்குக் கடைக்கு வர வேண்டும், வேண்டாதவர் வர மாட்டார். மின்சாரம் தானாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதிகம் எரிக்கிற வீட்டுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிடலாம். மீட்டரிலேயே கணக்கு இருக்கிறது, பட்டியல் எழுதவும் ஆள் வேண்டாம்.

நெல்லையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மேடம், ஆயிரம் ரூபாயாலும் சத்துணவாலும் ஏற்றத்தாழ்வு போய்விடுமா? எங்கள் ஊரில் சாதி அப்படியேதான் இருக்கிறது.

போகாதும்மா. ஆனால் சத்துணவைக் குறைத்து நினைக்காதே. 1956-ல் காமராஜர் தொடங்கி, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரித்து, 1989-ல் கலைஞர் முட்டை சேர்த்த திட்டம். சமைத்த சாப்பாட்டை நாடு முழுக்கப் பள்ளிகளில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில்தான் உத்தரவிட்டது. பசிக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்கள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று டீச்சர், நர்ஸ்.

அதே சத்துணவுக் கூடத்தில்தான் நீ சொல்வதும் நடக்கிறது. 2018-ல் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்தார்கள். அதிகாரி அந்தப் பெண்ணையே இடம் மாற்றினார். போராட்டம் நடந்த பிறகுதான் அவர் திரும்ப அங்கேயே சமைக்க முடிந்தது. திட்டம் சோற்றைப் போட்டது. கூட உட்கார்ந்து சாப்பிட வைக்க மனுஷர்கள் நிற்க வேண்டியிருந்தது.

நிலம் இன்னும் கெட்டியான விஷயம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. அவர்கள் கையில் நிலம் அந்த அளவில் கிட்டக்கூட இல்லை. 1892-ல் அவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தில் பெரும்பங்கு வேறு கைகளுக்குப் போய்விட்டது. அதை மீட்காமல் மாதாமாதம் பணம் மட்டும் போட்டால், அடுத்த தலைமுறையும் மனுவோடுதான் நிற்கும். உதவித்தொகையும் வேண்டும், நிலமும் நல்ல அரசுப் பள்ளியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கேட்காதே என்று சொல்ல எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனி சூப்பர்வைசர்: எங்களிடம் வேலை பார்க்கும் பீகார் பையன்களுக்கு இங்கே ரேஷன் உண்டா?

உண்டு. அவர்கள் ஊர்க் கார்டு உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டாக இருந்து, ஆதார் சேர்த்திருந்தால் இங்கே தானியம் வாங்கலாம். தமிழ்நாடு தனியாகத் தரும் பருப்பும் பாமாயிலும் கிடைக்காது. மொழி தெரியாமல் தயங்குவார்கள், முதல் தடவை நீங்களே கூட்டிப் போய் வாங்கிக் கொடுங்கள்.

வேலூரிலிருந்து ஒருவர்: அம்மா பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்துவிட்டது. மிஷினில் விரல் ஏறவில்லை, இரண்டு மாதமாக அரிசி இல்லை.

விரல் ஏறவில்லை என்பதற்காக அரிசி இல்லை என்று சொல்ல முடியாது. கருவிழிப் பதிவு இருந்தால் அதைக் கேளுங்கள். வயதானவர் கடைக்கு வர முடியாவிட்டால், வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. நிரப்பிக் கையெழுத்து வாங்கிக் கடையில் கொடுங்கள். வாங்க மறுத்தால் 1967-க்கு அழைத்துப் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். எந்த ஊரில் என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, கார்டோடு அம்மாவையும் கூட்டிப் போங்கள். விரலை அதிகாரி நேரில் பார்க்கட்டும்.