டைகர் தின்பது யாருடைய சோறு?

கேள்வி: நான் கொழும்பில் வேலை செய்கிறேன். தலவாக்கலை வீட்டில் அம்மாவும் எங்கள் நாய் டைகரும்தான். அம்மா 30 வருஷம் கொழுந்து பறித்தவர். டைகர் இப்போது 24 கிலோ. ஏழு கிலோ குறைக்கச் சொல்கிறார் மிருக வைத்தியர். விலை கூடிய டயட் உணவு வாங்கி அனுப்பியும் குறையவில்லை. அம்மா முன்பு மாதிரிச் சாப்பிடுவதில்லை, மிஞ்சுவதையும் அவன்தான் தின்கிறான். வேறு எந்த உணவு கொடுக்கலாம்?

பதில்: நீங்கள் அனுப்புகிற பையில் பிழையில்லை, மகள். போகிற போக்கில் "மிஞ்சுவதையும் அவன்தான் தின்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இன்னொரு தடவை வாசியுங்கள். நாய்க்கு எத்தனை கிலோ கூடியது என்று சரியாகச் சொல்கிறீர்கள். அம்மாவுக்கு எத்தனை கிலோ குறைந்தது? கடிதத்தில் காணோம்.

பிள்ளைகள் கொழும்பில், கட்டாரில். வீட்டில் ஒரு தாய், ஒரு நாய். இந்தக் கதை எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. தனக்கு மட்டும் என்று யார் தேங்காய் திருவி உட்காருவார்? ஒரு ரொட்டி சுட்டு, பாதியைப் பிய்த்து, எதிரில் வாலாட்டுகிறவனுக்குப் போடுகிறார். போனில் அதற்காகச் சத்தம் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இனிப் போடாதீர்கள்.

சரி, டைகர். பட்டினி போட வேண்டாம். வாரத்துக்கு உடம்பு நிறையில் ஒன்று, இரண்டு வீதம் குறைந்தால் போதும். அவனுக்கு அது கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ. ஆறு மாதம் பிடிக்கும். வைத்தியர் சொல்கிற அளவை நிறை பார்த்து எடுத்து, காலை மாலை என இரண்டாகப் பிரித்து வையுங்கள். இடையில் கொடுக்கிற தீனி எல்லாம் சேர்த்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தேத்தண்ணிக்கு முக்குகிற பிஸ்கட்டும் இந்தக் கணக்கில்தான். ஆனால் அம்மா கையால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ரொட்டிக்குப் பதிலாக அவித்த போஞ்சி, கரட் துண்டு கொடுக்கட்டும். லீக்ஸ் மட்டும் வேண்டாம், அது வெங்காயச் சாதி, நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வெங்காயம் போட்ட கறிச்சோறும் அப்படித்தான். இப்படி அளந்து போட்டும் குறையவில்லை என்றால் தைரொயிட் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை? பல்லா, சுகரா, குடிக்கிற மருந்தா, தனிமையா? வயசானால் அப்படித்தான் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள், டொக்டரிடம் கூட்டிப் போங்கள். மாதாமாதம் காசு அனுப்புகிறேன் என்பீர்கள். அனுப்புங்கள். என் கணக்கில் அது மகளின் கடமையில் பாதிகூட இல்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோ கோல் எடுத்து, நீங்களும் தட்டோடு உட்காருங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வைக்காதீர்கள்.

30 வருஷம் தராசுக்கு முன்னால் கொழுந்தோடு நின்ற மனுஷி. அவரை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அடுத்த பொயா லீவுக்கு வீட்டுக்குப் போய், டைகரைத் தூக்கிக்கொண்டு நிறை பார்க்கும் மெஷினில் ஏறுங்கள், உங்கள் நிறையைக் கழியுங்கள். அப்புறம் அம்மாவை ஏற்றுங்கள். எனக்கு இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள், அம்மாவுடையதை முதலில்.