தொழிற்சாலைக் கொடுமை இல்லாத உலகைக் கற்பனை செய்த நாவல்களில் எதை முதலில் வாசிக்கலாம்?

ஆங்கில எழுத்தாளரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ் எழுதிய ‘நியூஸ் ஃப்ரம் நோவேர்’. 1890இல் லண்டனில் ‘காமன்வீல்’ என்ற சோசலிச இதழில் தொடராக வந்தது. தூங்கப் போனவன் எதிர்காலத்தில் கண் விழிக்கிறான். தேம்ஸ் கரையில் சோப்புத் தொழிற்சாலையும் இல்லை, புகையும் இல்லை, ஆற்றில் சால்மன் மீனுக்கு வலை கட்டியிருக்கிறார்கள், படகோட்டியிடம் காசை நீட்டினால் அது எதற்கென்றே அவனுக்குப் புரியவில்லை.

இதற்கு இரண்டு வருடம் முன்னால் அமெரிக்கர் எட்வர்ட் பெல்லமியின் ‘லுக்கிங் பேக்வர்ட்’ வெளிவந்து சக்கைப்போடு போட்டது. அதில் எல்லோரும் அரசு நடத்தும் தொழிற்படையில், ராணுவத்தில் சேர்வதுபோல், சேர்ந்து உழைத்துவிட்டு 45 வயதில் ஓய்வு பெற்றுவிடுவார்கள். மாரிஸுக்கு அது ஒத்துவரவில்லை. வேலை என்றாலே தண்டனை, சீக்கிரம் முடிந்தால் சரி என்று நினைப்பதில் என்ன விடுதலை இருக்கிறது? எனக்கும் இந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

அவர் நாவலில் சாலை செப்பனிடும் ஒரு காட்சி வரும். வாட்டசாட்டமான இளைஞர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே கடப்பாரை போடுகிறார்கள், கழற்றிப் போட்ட பூவேலைச் சட்டைகள் ஓரமாகக் குவிந்து கிடக்கின்றன, பக்கத்தில் சாப்பாட்டுக் கூடை. கூலியே கிடையாது, ஆனாலும் அந்த ஊர்க்காரர்களின் கவலை, ஒருநாள் செய்வதற்கு வேலை தீர்ந்துபோய்விடுமோ என்பதுதான்! கையால் செய்தால் அலுப்புத் தட்டும் வேலைக்கு மட்டும் இயந்திரம், செய்யச் செய்ய மகிழ்ச்சி தரும் வேலைக்குக் கைதான் என்பது அவர்கள் ஏற்பாடு. இதைச் சும்மா உட்கார்ந்து எழுதவில்லை அவர். சாயத்தொட்டியில் கை நனைத்து, தறியில் உட்கார்ந்து நெய்து பழகியவர்.

குறையும் இருக்கிறது. அத்தனை விடுதலைக்குப் பிறகும் சாப்பாடு பரிமாறுவது பெண்கள்தான், அதற்கு ஒரு சமாதானம் வேறு சொல்கிறார்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம், 17ஆம் அத்தியாயம் நீளமாக இருக்கிறதே என்று தாண்டிவிடாதீர்கள். அந்த உலகம் எப்படி வந்தது என்பது அதில்தான் இருக்கிறது: லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு, பொது வேலைநிறுத்தம், உள்நாட்டுப் போர். நிஜத்திலும் 1887 நவம்பர் 13 அன்று அதே சதுக்கத்தை நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்தபோது மாரிஸும் அந்தக் கூட்டத்தில் நடந்துகொண்டிருந்தார்.