மரக் கடைசல் கேள்வி பதில்: வழவழப்பு உளியிலிருந்து வரட்டும்

கிண்ணத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் சொரசொரப்பு போகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிண்ணத்துக்குக் கட்டையை லேத்தில் (கட்டையைச் சுழற்றும் கடைசல் இயந்திரம்) நார் குறுக்கே ஓடும்படிப் பூட்டுகிறோம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் உளி நாரை எதிர்த்துப் போகிறது. மழுங்கிய உளி அங்கே நாரை அறுக்காது, பிய்த்துவிடும். பிய்ந்த குழி ஆழமானது. உப்புத்தாளால் அதை எட்டிப்பிடிக்க நினைத்தால் சுற்றியுள்ள நல்ல மரமும் தேய்ந்து, கிண்ணம் கோணிப்போகும்.

கடைசி வெட்டுக்கு முன் உளியைப் புதிதாகச் சாணை பிடியுங்கள். வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்புக்கும், உள்பக்கம் விளிம்பிலிருந்து நடுவுக்கும் போங்கள். உளி முதலில் தாங்கியில் (உளியை வைத்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம்) அமரட்டும், பிறகு உளியின் சாய்முகம் (விளிம்புக்குப் பின்னால் சாய்வாகத் தீட்டிய பக்கம்) மரத்தை உரசட்டும், அதற்கப்புறம்தான் பிடியை மெல்ல உயர்த்தி வெட்ட வேண்டும். தூள் பறக்கக் கூடாது, சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும்.

உப்புத்தாள் எந்த எண்ணில் தொடங்க?

150 அல்லது 180 (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்). பிறகு 240, 320, 400. நடுவில் ஒன்றையும் விடாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், தாங்கியைக் கழற்றிவிடுங்கள்.

கையுறை போடலாமா?

கூடாது. சுழலும் மரம் கையுறையோடு கையையும் இழுத்துக்கொள்ளும். முகக்கவசம் போடுங்கள்.

சுரண்டு உளியில் (மரத்தைச் சீவாமல் சுரண்டி எடுப்பது) முடித்து, 80 எண் தாள் போட்டால் அதே வழவழப்பு வருகிறதே. பிறகு எதற்கு இத்தனை உளிப் பயிற்சி?

வராது. தூண் வேலையில் (நார் நீளவாக்கில் ஓடும்படிப் பூட்டிக் கடைவது) மணி, அதாவது புடைத்த வளையம், உருட்டியிருந்தால் அதன் கூர்மையான ஓரமெல்லாம் 80 எண் தாளில் மழுங்கிவிடும். அந்தத் தாள் நாருக்குக் குறுக்கே போடும் கீறல்கள் மெருகு ஏறியதும் பளிச்சென்று தெரியும்.

கடினமான மரத்தில் எனக்கு வந்ததே!

நெருக்கமான நாருள்ள மரத்தில், புதிதாகத் தீட்டிய சுரண்டு உளி நன்றாகவே முடித்துத் தரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் நுனியில், தீட்டும்போது எழும் மெல்லிய பிசிறுதான் வெட்டுகிறது, அது சீக்கிரம் தேய்ந்துவிடும். மென்மரத்தில் செய்து பாருங்கள், நார் பிய்ந்து நிற்கும். சாய்வு உளியை (விளிம்பு சாய்வாக இருக்கும் தட்டை உளி) பழகினால் தாளே தேவைப்படாத பரப்பு வரும். வெட்டு, உளி விளிம்பின் கீழ்ப்பாதியில் நிகழட்டும். மேல்முனை மரத்தைத் தொட்டால் உளி சட்டென்று மாட்டிக்கொள்ளும்.

80 எண்ணில் தொடங்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். உளியைத் தீட்டுங்கள்.

இரும்பு கடைவது எப்படி?

அது வேறு தொழில். உலோகக் கடைசல்காரரிடம் கேளுங்கள்.

மெருகுக்குத் துணி?

லேத் ஓடும்போது துணி கூடவே கூடாது, கையுறைக்குச் சொன்ன அதே காரணம்தான். எளிதில் கிழியும் காகிதம் போதும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த காகிதத்தைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். திறந்த வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.